வால்வு ஆம்ப் மக்கர் செய்கிறதா? அறிகுறியிலிருந்து கோளாறைப் பிடிக்கும் வழி

வால்வு கிட்டார் ஆம்ப்பில் அடிக்கடி போகிறவை மூன்று: கேபிள், ஃப்யூஸ், வால்வு என்ற கண்ணாடிக் குழாய். மூன்றுமே வெளியிலிருந்து கைக்கு எட்டும். அதனால் பெரும்பாலான கோளாறுகளைச் சேசிஸை, அதாவது சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டியை, கழற்றாமலே கண்டுபிடித்துவிடலாம். சேசிஸுக்குள் இருப்பது வேறு சமாச்சாரம். அங்கே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும். ஆகவே வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போவோம். திருப்புளி எடுக்க வேண்டிய இடம் வரும்போது சொல்கிறேன். சர்க்யூட் வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம்.

மாதிரிக்கு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப்பை எடுத்துக்கொள்கிறேன். 1963இல் வந்த வடிவமைப்பு, இன்றும் மறுபதிப்பாக விற்கிறது, நகல்களும் ஏராளம். உள்ளே இரண்டு 6வி6 பவர் வால்வு, ஏசியை டிசியாக்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபையர் ஒன்று, ஆறு சின்ன வால்வு. வெளியே 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று. பின்பக்கமிருந்து பார்த்தால் வலது கோடியில் இருப்பது முதல் வால்வான வி1, இடது கோடியில் ரெக்டிஃபையர். இஎல்34, இஎல்84, 6எல்6 போட்ட மற்ற ஆம்ப்புகளிலும் எண்கள்தான் மாறும், தேடும் முறை மாறாது.

கை வைக்கும் முன்

ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஆன் செய்யாதீர்கள். ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். வால்வு ஆம்ப்பில் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கம் ஸ்பீக்கர் என்ற சுமை இல்லாவிட்டால், வாசிக்கும்போது மறுபக்கத்தில் வோல்டேஜ் தாறுமாறாக எகிறும். வால்வு சாக்கெட்டில் தீப்பொறி பறக்கும், ட்ரான்ஸ்ஃபார்மரின் உள்சுற்றே வெந்துபோகும். ஆம்ப்பிலேயே விலை கூடிய பாகங்களில் அது ஒன்று.

வால்வைக் கழற்றும்போது ஆம்ப் ஆஃபில் இருக்க வேண்டும், கண்ணாடி ஆறியிருக்க வேண்டும். சின்ன வால்வுகளின் மேல் தகர மூடி இருந்தால் அதை அழுத்தித் திருப்பினால் வரும். வால்வை லேசாக வட்டமாக அசைத்தபடி நேராக மேலே இழுங்கள். ஒரு பக்கமாகச் சாய்த்தால் ஊசி வளையும், கண்ணாடியின் அடியில் விரிசல் விழும்.

ஃப்யூஸ் போனால், பின் பலகையில் அச்சிட்டிருக்கும் அதே ஆம்பியர், அதே வகை. மெதுவாகப் போகும் ஸ்லோ ப்ளோ வகை என்றால் அதுவேதான். இரண்டு மடங்கு ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு "இப்போ ஓடுது" என்று நிம்மதி அடைபவர்கள், அடுத்து ட்ரான்ஸ்ஃபார்மரையே ஃப்யூஸாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சுத்தமாக உயிரே இல்லை

முகப்பு விளக்கும் இல்லை, வால்வின் செம்மஞ்சள் கங்கும் இல்லை என்றால் சுவர் சாக்கெட், பவர் கார்டு, ஃப்யூஸ், இந்த வரிசையில் பாருங்கள். ஃப்யூஸைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பாதீர்கள், மீட்டரில் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் கறுத்து வெள்ளி பூசியதுபோல் இருந்தால் பலமான ஷார்ட். கம்பி மட்டும் அமைதியாக அறுந்திருந்தால் பெரும்பாலும் வயசான ஃப்யூஸ்தான், புதிதைப் போட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப்பை நேரடியாக நம் 230 வோல்ட்டில் செருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். 60 ஹெர்ட்ஸுக்கென்று மட்டும் சுற்றிய பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். இரண்டாவது, மலிவான ஸ்டெப் டவுன் பெட்டிகள் பலவற்றில் வெளிவரும் சாக்கெட்டில் எர்த்தே கிடையாது. அந்த எர்த் ஏன் முக்கியம் என்பது ஷாக் பகுதியில் வருகிறது.

ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

இங்கே எலக்ட்ரீஷியன் கடையில் தொங்கும் சீரிஸ் லேம்ப்தான் கை கொடுக்கும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்று ஆம்ப்புக்குத் தொடரில் இருக்கும்படி செய்த பலகை. எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மின்சாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும், ஆம்ப் தப்பிக்கும். ஷார்ட் இல்லாவிட்டால் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். ஸ்டெப் டவுன் பெட்டி இருந்தால் சுவருக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் பலகை வரட்டும்.

முதலில் இரண்டு 6வி6, ஜிஇசட்34 மூன்றையும் எடுத்துவிட்டு, புதிய ஃப்யூஸ் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு அப்போதும் பிரகாசமாக எரிந்தால் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர், அல்லது வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரிங், அல்லது அந்தச் சின்ன முகப்பு விளக்கின் ஹோல்டரில் ஷார்ட். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியும். ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மரைக் குறை சொல்லும் முன் அந்த விளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

பல்பு மங்கியதா? ஆஃப் செய்து ரெக்டிஃபையரை மட்டும் போடுங்கள். இப்போது பிரகாசமானால் ரெக்டிஃபையரே உள்ளுக்குள் பொறிகிறது, அல்லது அதற்கு அடுத்து டிசியைச் சமனாக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் ஷார்ட். வேறொரு ஜிஇசட்34 போட்டும் அதே கதை என்றால் கெபாசிட்டர்தான். பவர் வால்வு இல்லாத இந்த நிலையில் சுமை குறைவதால் டிசி வோல்டேஜ் வழக்கத்தைவிட ஏறி, கெபாசிட்டர் தாங்கும் எல்லையைத் தொடப் பார்க்கும். அதனால் விடை தெரிந்ததும் ஆஃப் செய்துவிடுங்கள்.

அதுவும் சரி என்றால் 6வி6 வால்வுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் பல்பு பொங்குகிறதோ அதுதான் குற்றவாளி. இரண்டில் எதைப் போட்டாலும் பொங்கினால் வால்வைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு அடுத்துவரும் தகடு சிவக்கும் பகுதியைப் படியுங்கள்.

வால்வின் தகடு சிவக்கிறது

வால்வுக்குள் நடுவே தெரியும் செம்மஞ்சள் கங்கு ஹீட்டர், அது எப்போதும் இருக்கும். அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத் தகட்டின் பக்கவாட்டில் மங்கலாக ஒரு சிவப்புத் திட்டு தோன்றிப் பரவினால் அது வேறு. யோசிக்காமல் ஆஃப் செய்யுங்கள். அளவுக்கு மீறிய கரண்ட் ஓடுகிறது. சில நிமிடம் விட்டால் வால்வு போகும், கூடவே ட்ரான்ஸ்ஃபார்மரும் போகலாம். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் சீக்கிரமே தெரிந்துவிடும்.

நீல ஒளியைக் கண்டு சிலர் பயப்படுவார்கள். கண்ணாடியின் உள்சுவரில் ஒட்டினாற்போல் நீலம் தெரிந்து, வாசிக்கும்போது அசைந்தால் அது நல்ல வால்வுதான். தகடுகளுக்கு நடுவே ஊதா கலந்த இளஞ்சிவப்பு மூட்டமாக நிறைந்திருந்தால் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். கண்ணாடியின் உச்சியில் வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டிய பூச்சு பால் வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வைச் சாக்கெட்டில் வைக்கவே வேண்டாம்.

சிவப்புக்கு வருவோம். ஒன்று மட்டும் சிவந்ததா, இரண்டுமா என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் என்றால், ஆறியபின் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, கண்ணை எடுக்காமல் பாருங்கள். சிவப்பு வால்வோடு நகர்ந்தால் வால்வு கெட்டது. சிவப்பு அதே சாக்கெட்டில் தங்கினால் வால்வின்மேல் பழி இல்லை. அந்தச் சாக்கெட்டுக்கு வரவேண்டிய பயாஸ், அதாவது வால்வின் கரண்ட்டை அடக்கிவைக்கும் மைனஸ் வோல்டேஜ், வரவில்லை. 

இரண்டும் சிவந்தால் பயாஸ் சப்ளை மொத்தமும் படுத்துவிட்டது. பெரும்பாலும் அங்கேயுள்ள சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காய்ந்திருக்கும், அல்லது டையோடு போயிருக்கும்.

இதற்குமேல் போக சேசிஸ் கழன்றாக வேண்டும். இந்த இடத்தில்தான் பழக்கமில்லாதவர்கள் நிறுத்த வேண்டும். பழக்கம் உள்ளவர்களுக்கு: 6வி6 இரண்டையும் எடுத்துவிட்டு, சாக்கெட்டின் 5ஆம் ஊசியில் சேசிஸுக்கு எதிராக டிசி அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மைனஸ் வோல்டேஜ் வர வேண்டும். இந்த ஆம்ப்பில் மைனஸ் 35 சுற்றுவட்டாரம். ஒரு பக்கம் மட்டும் பூஜ்யத்தை நோக்கி ஏறியிருந்தால், பவர் வால்வுகளுக்குச் சிக்னலைப் பிரித்துத் தரும் ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து வரும் கப்ளிங் கெபாசிட்டர் (சிக்னலை விட்டு டிசியைத் தடுக்க வேண்டியது) கசிகிறது. அந்தப் பக்கம் இருக்கும் 200 சொச்சம் வோல்ட் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் ஒழுகி மைனஸைத் தின்றுகொண்டிருக்கிறது. அறுபதுகளின் ஆம்ப்பில் இது சகஜம். புதிதாக 6வி6 ஜோடி வாங்கிப் போட்டு, அதுவும் சிவந்து, மறுபடி ஒரு ஜோடி வாங்குவதைவிட அந்தக் கெபாசிட்டர் ரொம்ப மலிவு.

விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை

முதலில் ஸ்டாண்ட்பை ஸ்விட்ச், அதாவது வால்வைச் சூடாக வைத்துச் சத்தத்தை மட்டும் நிறுத்துவது. சிரிக்க வேண்டாம், எல்லாருக்கும் நடக்கும். அடுத்து ஸ்பீக்கர் பிளக் எந்த ஜாக்கில் இருக்கிறது என்று பாருங்கள். ஃபெண்டரில் பிரதான ஸ்பீக்கர் ஜாக் காலியாக இருந்தால், ஆம்ப்பைக் காப்பாற்றுவதற்காக அது தானாகவே அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும். அதனால் வெளி ஸ்பீக்கருக்கான ஜாக்கில் மட்டும் செருகினால் துளி சத்தம் வராது. பிளக்கை மாற்றினால் தீர்ந்தது. எல்லாக் கம்பெனி ஆம்ப்பிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

பெடல்கள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, வேறு கேபிளில் கிட்டாரை நேராகச் செருகுங்கள். நடுவே பெடல்களைக் கோக்க எஃபெக்ட்ஸ் லூப் ஜாக்குகள் உள்ள ஆம்ப் என்றால் சென்ட், ரிட்டர்ன் இரண்டையும் ஒரு சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். கடலோர ஊர்களில் அந்த ஜாக்கின் தொடர்பில் களிம்பேறி சிக்னல் அறுந்துபோவது வாடிக்கை. இணைத்ததும் சத்தம் வந்தால் ஜாக்கைச் சுத்தம் செய்தால் போதும்.

பிறகு வால்யூமைக் கூட்டிவிட்டு ஸ்பீக்கரில் காதை வையுங்கள். உஸ்ஸென்ற இரைச்சல் இருந்தால் பவர் பகுதியும் ஸ்பீக்கரும் உயிரோடுதான் இருக்கின்றன, கோளாறு முன்பகுதியில். மயான அமைதி என்றால் பின்பகுதி, இல்லை ஸ்பீக்கர். ஸ்பீக்கரைத் தனியாகக் கழற்றி மீட்டரில் ஓம் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 ஓம் அளவில் காட்டும். 9 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுத்தால் 'டப்' என்று கோன் துள்ள வேண்டும்.

முன்பகுதி என்றால் சேனல் மாற்றிப் பாருங்கள். நார்மல் சேனல் பாடுகிறது, வைப்ரேட்டோ சேனல் ஊமை என்றால் வி1 வால்வையே எடுத்து வி2 இடத்தில் போட்டுச் சோதிக்கலாம்; இரண்டும் 12ஏஎக்ஸ்7. உதிரி வால்வு வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

உறுமல்

உறுமலைக் காதால் அளக்க முடியும், அதுவும் கிட்டார் கையில் இருக்கும்போது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள்: அது 98 ஹெர்ட்ஸ். உறுமல் அந்த ஸ்வரத்தோடு கிட்டத்தட்டச் சேர்ந்தால் அது 100 ஹெர்ட்ஸ். அதற்கு ஓர் ஆக்டேவ் கீழே இருந்தால் 50.

100 என்றால் ரெக்டிஃபையருக்குப் பின்னால் வரும் சமாச்சாரம்: ஃபில்டர் கெபாசிட்டர் வயதாகிவிட்டது, அல்லது பவர் வால்வு ஜோடி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கெபாசிட்டர் என்றால் இன்னொரு தடயமும் கிடைக்கும்: பலமாக வாசிக்கும்போது நீங்கள் மீட்டாத ஒரு ஸ்வரம் கீழே கூடவே முனகும், தாளக்கட்டு தளர்ந்த மாதிரி பேஸ் தொளதொளக்கும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் பதினைந்து இருபது வருஷத்துக்குமேல் உழைத்தால் அதுவே பெரிது. வாசிக்காமல் மூலையில் போட்டு வைத்திருந்தாலும் கெடும். சொல்லப்போனால் அப்போதுதான் சீக்கிரம் கெடும்.

50 என்றால் கிட்டாரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் ஆம்ப் நல்லவன்: சிங்கிள் காயில் பிக்கப், கேபிள் ஷீல்டு, பக்கத்திலுள்ள சார்ஜர் அல்லது மின்விசிறி ரெகுலேட்டர். கிட்டாரோடு நின்ற இடத்தில் திரும்பினால் கூடிக் குறைகிறதா பாருங்கள், அப்படியென்றால் பிக்கப்தான். பிடுங்கியும் நிற்கவில்லை, வால்யூம் குமிழைத் திருப்பினால் உறுமலும் மாறுகிறது என்றால் அந்தக் குமிழுக்கு முந்தைய வால்வு. ஒரே நேரத்தில் இரண்டு ஆம்ப், மிக்ஸர் என்று பல கருவிகள் இணைந்திருந்தால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் வயர்கள் வழியே சுற்றிவரும் மின்சாரம். எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் சிக்னல் கேபிளில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை வெட்டாதீர்கள். மேடையில் "அண்ணே, எர்த்தை எடுத்துட்டா ஹம் போயிடும்" என்று யாராவது சொல்வார்கள். போகும்தான்.

கம்பியைத் தொட்டால் ஷாக்

கிட்டார் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப் சேசிஸோடு நேரடியாகச் சேர்ந்திருக்கின்றன. சேசிஸில் கசிவு இருந்து எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு உங்கள் விரலில் காத்திருக்கும். உதடு மைக்கைத் தொட்டதும் சுற்று பூர்த்தியாகும். மைக் மிக்ஸர் வழியாக எர்த் ஆகியிருக்கும்.

பழைய இரண்டு பின் அமெரிக்க ஆம்ப்புகளில் மெயின்ஸ் வயருக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கெபாசிட்டர் உண்டு. பின்னால் உள்ள கிரவுண்ட் ஸ்விட்ச் அதை இந்த வயருக்கோ அந்த வயருக்கோ மாற்றும். மெக்கானிக்குகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'எமன் கெபாசிட்டர்' என்ற பொருளில்தான் இருக்கும். வழக்கமான 0.047 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸில் அதன் வழியே 2 மில்லி ஆம்பியர் போகும். 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் அதன்மேல் விழுந்தால் 3 மில்லி ஆம்பியருக்கு மேல். விறுவிறுவென்று நன்றாகவே உறைக்கும் அளவு. இதெல்லாம் அந்தக் கெபாசிட்டர் நன்றாக இருக்கும்போது. அது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் முழுதும் கம்பியில். இதற்கு ஒரே வைத்தியம், அதை எடுத்துவிட்டு மூன்று பின் கார்டு போட்டு எர்த் வயரைச் சேசிஸில் தனித் திருகில் இறுக்குவது.

மூன்று பின் போட்டும் ஷாக் அடித்தால் சுவர் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள். பழைய வீடுகளில், கல்யாண மண்டபங்களில், எர்த் துளை இருக்கும், பின்னால் வயர் இருக்காது. மீட்டரை 750 வோல்ட் ஏசியில் வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள், 230 பக்கம் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் இருக்கலாம். மேடை ஏறும் முன் மைக் வலைக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவே ஒருமுறை அளந்துவிடுங்கள். சில வோல்ட்டுக்குமேல் காட்டினால் பாட ஆரம்பிக்காதீர்கள். கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று பலகையில் இருந்தால் இன்னும் நல்லது.

கரகரப்பும் கீச்சலும்

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் தூசு. கான்டாக்ட் க்ளீனர் அடித்து இருபது முறை திருப்புங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். சுத்தம் செய்தும் உடனே திரும்பி வந்தால் அந்தக் குமிழில் டிசி நுழைகிறது, மறுபடியும் கசியும் கப்ளிங் கெபாசிட்டர்.

தானாகவே கரகரத்தால் ஆஃப் செய்து, 6வி6க்கு அடுத்துள்ள ஃபேஸ் இன்வெர்ட்டர் வால்வை, அதாவது வி6ஐ, எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். சத்தம் தொடர்ந்தால் பவர் பகுதி, நின்றால் அதற்கு முன்னால். இப்படியே வலப்பக்கமாக ஒவ்வொன்றாக நகர்ந்தால் இடம் சிக்கிவிடும். சில நவீன ஆம்ப்புகளில் ஹீட்டர்கள் தொடரில் இருக்கும், ஒன்றை எடுத்தால் பக்கத்ததும் அணையும். அங்கே இந்த முறை குழப்பும்.

கீச்சென்று கத்தினாலோ, பேச்சுச் சத்தத்துக்கே மணி அடிப்பதுபோல் அதிர்ந்தாலோ, மூடியைக் கழற்றிவிட்டு மரப் பென்சிலால் வால்வுகளை லேசாகத் தட்டுங்கள். எல்லாமே கொஞ்சம் 'டக்' என்னும். ஒன்று மட்டும் 'டிங்ங்' என்று நீளும். அதை மாற்றுங்கள். பெரும்பாலும் வி1 அல்லது வி2, ஏனென்றால் அவற்றின் சத்தம்தான் மற்ற எல்லாப் படிகளையும் தாண்டிப் பெருகுகிறது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் மாற்றிய உடனே ஊளையிட ஆரம்பித்தால் வால்வைத் தட்ட வேண்டாம், 6வி6 தகடுகளுக்குப் போகும் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன.

ரிவெர்ப் வரவில்லையா? குமிழைத் திறந்துவைத்து ஆம்ப்பை லேசாக ஆட்டுங்கள். ஸ்ப்ரிங் 'படார்' என்று இடி இடித்தால் ஸ்ப்ரிங் இருக்கும் தொட்டியிலிருந்து திரும்பும் பாதை சரி, ஓட்டும் வால்வான வி3ஐப் பாருங்கள், அது 12ஏடி7. இடி இல்லை என்றால் தொட்டியின் கேபிள்.

சேசிஸைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால்

ஆஃப் செய்யும்போது ஸ்டாண்ட்பையை வாசிக்கும் நிலையிலேயே விட்டுப் பவரை மட்டும் அணையுங்கள். ஆறிக்கொண்டிருக்கும் வால்வுகளே கெபாசிட்டரை வடித்துவிடும். ஆனால் நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்: பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, மீட்டரை 1000 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பைச் சேசிஸில் க்ளிப்பால் மாட்டி, ஒரே கையால் சிவப்பை முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் ப்ளஸ்ஸில் வையுங்கள். இன்னொரு கை சேசிஸைத் தொடக் கூடாது. சில வோல்ட்டுக்குமேல் இருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள க்ளிப்புகளில் பிடித்து, ப்ளஸ்ஸுக்கும் சேசிஸுக்கும் நடுவே பத்து நொடி வைத்து மறுபடி அளங்கள். திருப்புளியால் ஷார்ட் செய்வது கெபாசிட்டரையும் கெடுக்கும், உங்களையும் துள்ள வைக்கும். வடித்த கெபாசிட்டர் சும்மா இருந்தே கொஞ்சம் வோல்ட்டை மீட்டுக்கொள்ளும், அதனால் வேலை முடியும்வரை ரெசிஸ்டர் மாட்டியபடியே இருக்கட்டும். திரும்ப ஆன் செய்யும் முன் அதை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

பவர் வால்வு மாற்றியிருந்தால் பயாஸ் பார்க்காமல் மூட வேண்டாம். 6வி6ஜிடி தகடு தாங்குவது 12 வாட். அதில் 70 சதவீதம் 8.4 வாட். தகட்டில் 415 வோல்ட் என்றால் ஒரு வால்வுக்கு 20 மில்லி ஆம்பியர்தான் மேல் எல்லை. கேதோடில் 1 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் மீட்டரில் காட்டும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர், கணக்குப் போட வேண்டியதே இல்லை. முதலில் சீரிஸ் லேம்ப்பில் ஷார்ட் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, பல்பை எடுத்து நேரடி மின்சாரத்தில் பயாஸை 18 மில்லி ஆம்பியருக்குப் பக்கத்தில் வையுங்கள். அரை மணி நேரம் சூடானபின் மறுபடி பாருங்கள், புது வால்வு இடையில் நகர்ந்திருக்கும்.